லேசர் போட்டால் பார்வை திரும்புமா?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 4

அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. ரெட்டினாவில், அதாவது விழித்திரையில், ரத்தக்கசிவு இருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் லேசர் போட வேண்டும் என்கிறார் டாக்டர். லேசர் என்றால் கத்தி இல்லை, வலி இல்லை, பின்விளைவு இல்லை, போட்டதும் பார்வை பழையபடி வந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 10.20

போட்டுக்கொண்டவன் எழுதுகிறேன். உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதில் கத்தி இல்லை என்பது மட்டும் சரி. வலி ஆளுக்கு ஆள் மாறும். பின்விளைவு உண்டு. பார்வை பழையபடி வருமா என்றால், வராது. அதற்காக அதைப் போடுவதும் இல்லை. இருக்கிற பார்வை போய்விடாமல் காக்கத்தான் போடுகிறார்கள். இது தெரியாமல் போய் உட்கார்ந்ததால் முதல் வாரம் நான் டாக்டரைத் திட்டாத திட்டில்லை.

விவரம் நாளைக்கு. சொட்டு மருந்து விடும் நேரம்.

மார்ச் 5

எனக்குச் சர்க்கரை வந்து 22 வருடம். பதினோரு வருடத்துக்கு முன்னால் வலது கண்ணில் கரும்புகை மாதிரி ஏதோ மிதந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. கண்ணைக் கழுவினேன், போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அது கண்ணுக்குள்ளேயே கசிந்த ரத்தம் என்று தெரிந்தது. அதற்கு முன் ஒரு வலியோ உறுத்தலோ கிடையாது. கண் சோதனைப் பலகையின் கடைசி வரியையும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் நான்.

லேசர் போடும் விதம் இது. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து, அப்புறம் மரத்துப்போகும் மருந்து. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கண்மேல் ஜெல் தடவிய ஒரு லென்ஸை டாக்டர் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிறகு பச்சை மின்னல். டிக், டிக், டிக் என்று நூற்றுக்கணக்கில். முதல் நூறு எனக்கு வலிக்கவே இல்லை, இவ்வளவுதானா என்று தெனாவெட்டாக உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்துக்கு வந்ததும் மண்டைக்குள் ஊசி இறங்கியது போல் இருந்தது. கடிகாரத்தில் 3, 9 இருக்கும் பக்கங்களில் கண்ணுக்குள் நரம்பு ஓடுகிறது, அங்கேதான் வலிக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

முடிந்து எழுந்தபோது அந்தக் கண்ணில் கிட்டத்தட்ட எதுவுமே தெரியவில்லை. கேமரா ஃபிளாஷை நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும், அதை ஆயிரம் மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அது தெளிந்தது. ஆனால் அடுத்த பத்து நாள், போடுவதற்கு முன் படித்த எழுத்தைப் படிக்க முடியவில்லை. நடு விழித்திரையில் தற்காலிகமாக வீக்கம் வரலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. பார்வை வாங்கப் போய், இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தேன் என்று நினைத்தேன். நல்லவேளை, வீக்கம் வடிந்தது.

இனி லேசர் ஏன் என்பது. வாய்க்கால் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் போவதில்லை. காய்ந்துபோன அந்த ஓரப்பகுதி 'எனக்கு ரத்தம் வேண்டும்' என்று ஒரு வேதிப்பொருளை அனுப்பிக் கத்துகிறது. அந்தக் கத்தலுக்குப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை உறுதியான குழாய்களாக இருந்தால் பிரச்சினையே இல்லை. இவை நூல் மாதிரி இருக்கும், தும்மினால்கூடக் கசியும். பிறகு அந்த இடத்தில் தழும்பு வளர்ந்து விழித்திரையையே பிய்த்து இழுக்கும். லேசர் செய்வது என்னவென்றால், கத்துகிற கடைமடையைச் சுட்டுவிடுவது. கத்தல் நின்றால் புதுக் குழாய்கள் வாடும். நடு வயல், அதாவது படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படும் இடம், பிழைத்துக்கொள்ளும்.

அதாவது விழித்திரையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே பலி கொடுக்கிறோம். சுட்ட இடத்தில் பார்வை இருக்காது. ஓரப்பார்வை கொஞ்சம் சுருங்கும், இருட்டில் தடுமாற்றம் வரும். நான் இரவில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

இது தேவையா என்றால், தேவை. அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை, மறு கண்ணை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், 1976-ல் பாதியிலேயே விதியை மாற்றி, விட்டுவைத்த கண்களுக்கும் போட ஆரம்பித்தார்கள்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

எத்தனை புள்ளி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குக் கண்ணுக்கு ஐயாயிரம்.

மார்ச் 6

இல்லை. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். வலது கண் 1,540, இடது கண் 1,712. ஐயாயிரம் என்பது என் வேதனை போட்ட கணக்கு. வழக்கமான அளவு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 வரை, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலம். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட மாட்டார்கள், இரண்டு மூன்று சிட்டிங் ஆகும். இப்போது ஒரே அழுத்தலில் பல புள்ளிகளை வரிசையாகக் கோலப்புள்ளி வைக்கிற மாதிரி வைத்துவிடும் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளிக்கு எடுக்கும் நேரம் குறைவு, அதனால் வலியும் குறைவு. புள்ளி சிறியதாக விழுவதால் எண்ணிக்கை கூடும். அம்மாவுக்கு என் கோப்பைவிடப் பெரிய எண் வந்தால் பயப்பட வேண்டாம்.

மார்ச் 7

'எல்லா லேசரும் ஒன்றுதான், நான் சிறுநீரகக் கல்லுக்குப் போட்டுக்கொண்டேன், ஒரு பின்விளைவும் இல்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, எனக்கும் கல் வந்தது, 2009-ல். என்னையும் ஒரு மேசைமேல் படுக்க வைத்து, இடுப்புப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பையை அழுத்தி, வெளியிலிருந்தே லேசர் அடித்துக் கல்லைத் தூளாக்கினார்கள். டப், டப் என்று யாரோ சுண்டிவிடுவது மாதிரி இருந்தது. மூன்று நாள் மணல் மணலாகப் போனது. கண் லேசரோடு ஒப்பிட்டால் அது விளையாட்டு.

மார்ச் 8

மேலே எழுதியதில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. லேசர் என்பது ஒளி. ஒளி எப்படி முதுகுச் சதையைத் தாண்டி, தோலில் ஒரு கீறல் இல்லாமல், சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை மட்டும் உடைக்கும்? டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக எல்லாரிடமும் 'லேசர்' என்று சொல்லிக்கொண்டிருந்தது லேசரே இல்லை. அதிர்வலை. ஒலியின் சொந்தக்காரன். 1980-ல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். தண்ணீர்ப் பை எதற்கு என்பதும் இப்போது விளங்குகிறது: அதிர்வு காற்று இடைவெளியில் வீணாகாமல் உடம்புக்குள் இறங்க.

நேற்று ஒப்பிட்டவரும் தன் காகிதத்தை எடுத்துப் பார்க்கட்டும். மேசைமேல் படுத்து வெளியிலிருந்து டப் டப் என்றால் அதிர்வலை. மயக்கம் கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் முடி போன்ற இழையைச் செலுத்திக் கல்லை உடைத்திருந்தால்தான் லேசர். அதற்குப் பெரும்பாலும் ஹோல்மியம் லேசர், 2,100 நானோமீட்டர் அலைநீளம் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) கொண்ட அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இழை நுனியைத் தாண்டி அதிக தூரம் போகாது. கல்லைத் தொட்டால் கல் உடையும், சற்றுத் தள்ளியிருக்கும் சதை தப்பிக்கும். இப்போது தூலியம் இழை லேசரும் வந்திருக்கிறது.

மார்ச் 8, இரவு

கண்புரையும் அப்படித்தான் என்று நினைவு வருகிறது. 'லேசர் வைத்துப் புரையை எடுத்தார்கள்' என்று சொல்லும் பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு எடுத்தது மீயொலி (அல்ட்ராசவுண்ட்). கண்ணில் சின்னக் கீறல் போட்டு, அதிரும் ஊசி முனையால் புரையைக் கரைத்து உறிஞ்சுவது. சார்லஸ் கெல்மன் 1967-ல் கொண்டுவந்த முறை. லேசரைக் கொண்டு கீறலைப் போடவும் புரையைத் துண்டாக்கவும் செய்யும் முறையும் இருக்கிறது, அதிலும் கடைசியில் உறிஞ்சி எடுப்பது மீயொலி முனைதான்.

ஆக, கல்லை உடைத்தது ஒலி, புரையைக் கரைத்தது ஒலி, பெயர் வாங்கியது ஒளி. ஓர் எழுத்தில் ஆளே மாறிவிட்டார்.

மார்ச் 9

'அப்படியானால் என் மாமியாருக்குப் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து இரண்டு நிமிடத்தில் ஒரு லேசர் போட்டார்களே, அதுவும் பொய்யா?' இல்லை, அது நிஜ லேசர். செயற்கை லென்ஸ் உட்காரும் பைக்குப் பின்சுவர் மங்கிப்போகும், அதில் யாக் லேசரால் ஓர் ஓட்டை போடுவார்கள். முதல் நாள் சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்துகிறேன்: போட்டவுடன் பார்வை தெளியும் லேசர் இருக்கிறது, அது இதுதான். உங்கள் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு எல்லாக் கண் லேசரும் இப்படி என்று நினைத்திருக்கலாம்.

மார்ச் 10

'லேசர் சிகிச்சை' என்று ஒரு சிகிச்சை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. 'கத்திச் சிகிச்சை' என்று சொன்னால் எந்த உறுப்பில், எதை, எதற்கு என்று கேட்போம் அல்லவா? லேசர் என்றதும் மட்டும் கேள்வி நின்றுவிடுகிறது. கேட்க வேண்டியது: எந்த நிறம், அந்த நிறத்தை உடம்பில் எது உறிஞ்சும், உறிஞ்சிய இடத்தில் என்ன ஆகும்.

1960 மே 16-ல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவிட்டபோது செய்தித்தாள்கள் அதைச் 'சாவுக் கதிர்' என்று எழுதின. அடுத்த வருட டிசம்பரிலேயே நியூயார்க்கில் விழித்திரைக் கட்டி ஒன்றை அதே வகை ரூபி லேசரால் சுட்டார்கள். ஆனால் ரூபியின் ஒளி 694 நானோமீட்டர், அடர் சிவப்பு. ரத்தம் சிவப்பாகத் தெரிவதே அது சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால்தான். ஆகவே ரத்தக்குழாயை அடைக்க ரூபி சரிப்படவில்லை. 1964-ல் ஆர்கான் லேசர் வந்தது, நீலமும் பச்சையும். ரத்தம் அதை உறிஞ்சியது. என் கண்ணில் விழுந்த பச்சை மின்னல் அந்த வழியில் வந்ததுதான்.

அதே 1964-ல் குமார் படேல் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செய்தார், 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒளி. தண்ணீர் அதை விழுங்கிவிடும், நம் சதையில் பெரும்பகுதி தண்ணீர், எனவே பட்ட இடம் அப்படியே ஆவியாகும், ஆழத்துக்குப் போகாது. குரல்நாண் கட்டிகளை எடுக்க அது தோதாக அமைந்தது. ஒரே வருடத்தில் வந்த இரண்டு லேசர்கள். ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையைச் செய்யப் போனால் விபரீதம். பச்சை ஒளி கண்ணின் முன்பகுதியைத் தொந்தரவு செய்யாமல் ஊடுருவி விழித்திரையில் சுடும். கார்பன் டை ஆக்சைடு ஒளி முன்பகுதியிலேயே நின்று அதையே சுட்டுவிடும்.

இதற்கு ஒரு சூத்திரம் மாதிரி 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதினார்கள். நிறம் பொருந்தினால் மட்டும் போதாது, அடிக்கும் நேரமும் பொருந்த வேண்டும். குறி வைத்த பொருள் சூடாகி, அந்தச் சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குள் ஒளி நின்றுவிட வேண்டும். பிறவியிலேயே முகத்தில் படரும் சிவப்பு மச்சத்துக்கு 585, 595 நானோமீட்டர் சாய லேசரைக் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். ரத்தம் மட்டும் சூடாகும், மேல்தோல் தப்பும். பச்சை குத்தியதை அழிப்பதும் இதே கணக்கு. அங்கே மைத்துகள் மிகச் சிறியவை என்பதால் அடியும் நொடியில் நூறு கோடியில் சில பங்கு, அதற்கும் குறைவு.

மார்ச் 11

முடி எடுக்கும் லேசரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன், ஏனென்றால் வீட்டில் பட்டது.

அண்ணன் மகள் போய்வந்தாள். மாநிறத்துக்கும் சற்றுக் கருப்பு. இரண்டாம் சிட்டிங்கில் முழங்காலுக்குக் கீழே வரிசையாகச் செவ்வகம் செவ்வகமாகக் கொப்புளம். கருவியின் முனை எந்த வடிவமோ அதே வடிவம், முத்திரை குத்தினாற்போல். 'இது சகஜம், சரியாகிவிடும்' என்றார்கள். கொப்புளம் சரியாகிவிட்டது, கருந்தழும்பு எட்டு மாதம் இருந்தது.

காரணம் எளிது. அந்த லேசர் தேடுவது முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமியை. தோலிலும் மெலனின் இருக்கிறது. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசருக்கு வெளுத்த தோலில் கருமுடி என்றால் கொண்டாட்டம், அடர்ந்த நிறத் தோலில் எது முடி எது தோல் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 1,064 நானோமீட்டர் யாக் லேசரை மெலனின் குறைவாக உறிஞ்சும், ஆழமாகவும் போகும். கருத்த தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. அங்கே அவளுக்கு எது அடித்தார்கள் என்று கேட்டோம். 'லேசர்' என்றார்கள். அதற்கு மேல் பதில் வரவில்லை.

எந்த அலைநீளம், என் தோல் நிறத்துக்கு அளவை மாற்றினீர்களா, ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துச் சில நாள் பொறுத்தீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மார்ச் 11, மதியம்

நரைமுடிக்கு வேலை செய்யாது. மெலனின் இல்லாததை லேசர் பார்ப்பதே இல்லை. முதுமைக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புக் கவசம்.

மார்ச் 14

மூட்டு வலி, தோள் வலிக்குப் பிசியோதெரபியில் கொடுக்கும் லேசர். இது தனி ரகம். இங்கே சுடுவதில்லை, வெட்டுவதில்லை, சூடுகூடத் தெரியாது.

இதன் கதை பிடித்தமானது. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் 1960-களின் நடுவில், ரூபி லேசரால் எலிகளின் புற்றுக்கட்டியைக் கரைக்கப் பார்த்தார். அவர் கருவியின் சக்தி குறைவு, கட்டி அசையவில்லை. ஆனால் மழித்த இடத்தில் லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. ஒரு கருவி தோற்ற இடத்தில் ஒரு துறை பிறந்தது. அதே ரூபி ஒளியைச் சக்தி கூட்டி அடித்தால் முடியை எடுக்கும் கருவியாகிவிடும் என்பது வேறு கதை.

எனக்கு நான்கு வருடத்துக்கு முன் இடது தோள் இறுகிப்போனது. சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். சட்டைக்குள் கையை நுழைக்க முடியாது. பத்து சிட்டிங் லேசர் போட்டுக்கொண்டேன். தோளில் ஒரு பேனா மாதிரி வைத்து எடுப்பார்கள், சின்னதாக ஒரு பீப் சத்தம். வலி குறைந்தது. கை மேலே போனது. அதிலிருந்து யாருக்கு மூட்டு வலி என்றாலும் போய் லேசர் போட்டுக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. லேசர் போட்ட அதே வாரங்களில் நான் தினமும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியையும் செய்தேன். தோளில் ஓர் ஊசியும் போட்டார்கள். போதாக்குறைக்கு, இறுகிய தோள் எதுவும் செய்யாமல் விட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே இளகத் தொடங்கும் நோய். நான் லேசருக்குப் போனது ஒன்றேகால் வருடம் கழித்து. அப்படியானால் நன்றி யாருக்கு? விடியும் நேரத்தில் வந்த நண்பனுக்குச் சூரியனைக் கொண்டுவந்தவன் என்று மாலை போட்டிருக்கிறேனோ?

பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். புற்றுநோய்க்குத் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் போகும். அதைத் தடுக்க இந்த மென்லேசரைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. அது நன்றாகச் சோதித்துப் பார்த்த பயன். மூட்டுக்கும் முதுகுக்கும் வந்த ஆய்வுகள் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. அளவு வேறு ஒரு தலைவலி: குறைந்தால் பலன் இல்லை, கூட்டினாலும் பலன் போய்விடும். கருவி என்ன அளவு கொடுக்கிறது என்று தெரியாமல் 'லேசர் எடுத்தேன்' என்பது, மருந்துப் பெயரும் அளவும் தெரியாமல் 'மாத்திரை சாப்பிட்டேன்' என்பது போலத்தான்.

ஆகவே முதுகு வலிக்காரர் கேட்டதற்குப் பதில்: பயிற்சியை விடாதீர்கள். கூடவே லேசர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பதிலாக லேசர் என்றால் வேண்டாம்.

மார்ச் 17

ஒருவர் ஒரே வரியில், 'கதிர் என்றால் புற்று வராதா?'

வராது. எக்ஸ்-ரே, காமா கதிர்கள் மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் சக்தி இந்தப் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிக்கு இல்லை. லேசரின் நிஜமான ஆபத்துகள் வேறு. ஒன்று, அறையில் இருக்கும் மற்றவர்களின் கண். அதற்குப் போடும் கண்ணாடி ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனி. பச்சை லேசருக்கான ஆரஞ்சுக் கண்ணாடி 1,064-ஐத் தடுக்கும் என்று நம்ப முடியாது. கண்ணாடியின் ஓரத்தில் எந்த எண்ணுக்கு என்று அச்சிட்டிருக்கும். அண்ணன் மகளுக்கு அங்கே கொடுத்த கண்ணாடியில் எண்ணே இல்லை, இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொன்று நெருப்பு. தொண்டையில் லேசர் போடும்போது சுவாசக் குழாயில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும், சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் ஒளி பட்டால் தீப்பற்றும். அதற்கென்றே உலோகம் சுற்றிய குழாய் வைத்து, ஆக்சிஜனைக் குறைத்து, அதன் பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீரை நிரப்புவார்கள். இதைச் சொன்ன மயக்க மருத்துவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பிள்ளைகள் கையில் லேசர் சுட்டியைக் கொடுக்காதீர்கள். இது தலைப்புக்கு வெளியே, ஆனாலும் விழித்திரை சுடப்படுவதைப் பற்றித்தானே பேசுகிறோம். டாக்டர் எனக்கு ஓரமாகச் சுட்டதை, பிள்ளை நேரே பார்த்தால் நட்டநடுவில் சுட்டுக்கொள்ளும்.

மார்ச் 18

அதைச் சொன்னதும் இன்னொன்று. கண்ணுக்குள் சுட்டு வைத்தியம் பார்க்கலாம் என்ற யோசனையே சூரிய கிரகணத்திலிருந்து வந்தது. 1945 ஜூலையில் கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோனவர்களை ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கெராத் என்ற கண் மருத்துவர் பார்த்தார். இந்தத் தழும்பை நாமே வேண்டிய இடத்தில் போட்டால், கிழிந்த விழித்திரையைத் தைத்த மாதிரி ஒட்டிவிடலாமே என்று தோன்றியது. முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் விட்டார். மேகம் வந்தால் வைத்தியம் நிற்கும். பிறகு விளக்குகளுக்கு மாறினார். லேசர் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே.

மார்ச் 21

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வேறொரு டாக்டர், லேசர் வேண்டாம், கண்ணுக்குள் ஊசியே போதும் என்கிறாராம். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். அந்த ஊசி, கடைமடையின் கத்தலை நடுவழியில் தடுக்கிறது. 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரண்டு வருட முடிவில் ஊசி லேசருக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. ஓரப்பார்வை இழப்பும் குறைவு. நடு விழித்திரையில் வீக்கம் இருந்தால் இப்போது பெரும்பாலும் ஊசிக்குத்தான் முதலிடம், அங்கே பார்வை ஓரளவு திரும்பவும் செய்யும். அந்த அளவுக்கு முதல் நாள் நான் சொன்ன 'வராது' கொஞ்சம் அதிகப்படி. வீக்கத்தால் மங்கியது தெளியலாம். செத்த இடம் திரும்பாது.

ஆனால் ஊசி என்றால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடுவில் விட்டால் கத்தல் மறுபடி ஆரம்பிக்கும், லேசர் போட்டுவிட்டுக் காணாமல் போனவரைவிட ஊசி போட்டுவிட்டுக் காணாமல் போனவர் நிலைமை மோசம். டாக்டர் கண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார், அம்மா மாதாமாதம் வருவாரா என்றும் பார்ப்பார். அதை நீங்கள்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும். 'வருவோம் டாக்டர்' என்று தலையாட்டிவிட்டு வராமல் இருந்த ஆள் நான், எனக்கு லேசரே பொருந்தியது.

மார்ச் 22

'கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசரை அம்மாவுக்குப் போட்டால் என்ன?' என்று நடுவில் ஒருவர். அது கருவிழியின் வளைவைச் செதுக்கும் லேசர், 193 நானோமீட்டர் புற ஊதா. வீட்டுக் கூரை ஒழுகும்போது ஜன்னல் கண்ணாடியை மாற்றுகிற கதை.

அந்த லேசர் வந்த விதம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் மூவரும் 1981-ல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பில் அடித்துப் பார்த்தார்கள். கருகாமல், சுற்றிலும் சூடேறாமல், கோடு போட்டாற்போல் வெட்டியது. பிளாஸ்டிக்கைச் செதுக்க வைத்திருந்த ஒளி, அடுத்த சில வருடங்களில் கண்ணுக்கு வந்துவிட்டது.

மார்ச் 29

வலது கண்ணுக்கு நாளை மறுநாள் லேசர் என்று முடிவாகிவிட்டதாம். அம்மா கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொள்ளலாமா? முடியாது, லென்ஸ் இமையைப் பிடித்துக்கொள்ளும். மூட நினைத்து நெற்றியைப் பின்னால் இழுத்துவிடுவோம், அதுதான் தப்பு. நெற்றி பட்டையை விட்டு விலகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றக் கண்ணால் டாக்டர் சொல்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

வலித்தால்? சொல்லலாம், ஆனால் தலையை ஆட்டாமல், வாயால். நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். வலி தாங்காதவர்களுக்குக் கண்ணைச் சுற்றி மரக்கும் ஊசி போடுவதும் உண்டு. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, வீராப்பு.

எத்தனை மணிக்குத் தெரிய ஆரம்பிக்கும்? ஃபிளாஷ் அடித்த இருட்டு எனக்கு ஒரு மணி நேரம். பாவை விரிந்தது சுருங்க மாலையாகிவிடும், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். கூட ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படிக்கட்டில் குறிப்பாக. பத்து நாள் எழுத்து மங்கினால் யாரையும் திட்ட வேண்டாம். திடீரென்று கறுப்பாய்த் திரை இறங்கினாலோ புகை கூடினாலோ அன்றே போங்கள்.

ஏப்ரல் 2

முடிந்ததாம். 1,310 புள்ளி. 'உன் சிநேகிதர் சொன்ன இடத்தில்தான் வலித்தது' என்றாராம் அம்மா. இடது கண்ணுக்கு ஏப்ரல் 14.